தண்ணி சொன்னவர்

"தண்ணி கொண்டா."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

தப்பாகக் கேட்டிருக்கும். ஆவணி முகூர்த்தக் கூட்டம், ஜவுளிக் கடையில் ஒரே இரைச்சல்.

"பாண்டியம்மா, மூணு பேருக்கும் தண்ணி கொண்டா."

தப்பாகக் கேட்கவில்லை.

சொன்னவன் நவநீதன். சிரித்த முகத்தோடுதான் சொன்னான். "வாங்கண்ணே, வாங்க மதினி, என்ன கல்யாணப் பொண்ணே" என்று வாசலுக்கே வந்து கூட்டிப் போனான். பட்டுப் பிரிவில் மெத்தைமேல் உட்கார வைத்தான். உட்காரும்போது அவன் கண் ஒரு நொடி கீழே போய் வந்தது.

எங்கே போய் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி செல்லத்தாயியின் குதிகாலுக்கு.

அந்தப் பார்வையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். முட்டி இரண்டும் மக்கர் செய்து வேலையை விடும்வரை, இருபத்தாறு வருஷம் இதே மெத்தைக்கு அந்தப் பக்கம் நின்று சேலை காட்டியவர். நவநீதன் தொழிலுக்கு வந்த முதல் நாளே சொன்னார்.

"மூஞ்சியப் பாக்காத, எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் வருவாக. கழுத்தப் பாக்காத, நகை இரவலா இருக்கும். குதிகாலப் பாரு. அத எவனும் இரவல் குடுக்க மாட்டான்."

குதிகால் வழவழவென்று இருந்தால், "கலர் கொண்டா." பாட்டிலில் கலர் சோடா வரும். கூடவே உள் அலமாரியும் திறக்கும். அசல் ஜரிகை அங்கேதான் இருக்கும்.

குதிகால் வெடித்திருந்தால், "தண்ணி கொண்டா." வெறும் தண்ணீர் வரும். உள் அலமாரி பூட்டியபடியே கிடக்கும். வெளித் தட்டில் இருப்பதில் நாலைந்தைப் பிரித்துப் போட்டு, காலாகாலத்தில் அனுப்பிவிட வேண்டியது.

வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தாகத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று குளிர்ந்துபோவார்கள்.

தன் வீட்டுக் காலைப் பார்த்து இவன் தண்ணி சொல்ல மாட்டான் என்று நம்பித்தான் அவர் வந்திருந்தார். மகள் மேகலாவுக்கு முகூர்த்தச் சேலை உள் அலமாரியிலிருந்துதான் என்று அவள் பாவாடை கட்டிய காலத்திலேயே முடிவு செய்தது. அதற்கான பணம் சட்டைப் பையில் இருக்கிறது.

அதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவன்.

பாவி. என் இலையில் பாதிச் சோறு தின்றவன்.

உள் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகியிருந்த பாண்டியம்மா மூன்று தம்ளர் தண்ணீர் வைத்தாள். நவநீதன் வெளித் தட்டிலிருந்து ஓர் அரக்குச் சேலையை உதறிப் பிரித்தான். மேகலா அதன் கரையைத் தடவிப் பார்த்தாள்.

"இது நல்ல பட்டாப்பா?"

அவர் நவநீதன் பக்கம் திரும்பினார்.

"நவநீதா, எனக்குத் தண்ணி வேணாம். கலர் சொல்லு."

நவநீதன் கை ஒரு கணம் தயங்கியது.

"சக்கரைய ஒடம்புல வச்சுக்கிட்டுக் கலர் கேக்குதாக்கும்" என்றாள் செல்லத்தாயி.

"அதான் மதினியே சொல்லிட்டாகளே." நவநீதன் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த சேலையைப் பிரித்தான்.

போதும். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். கடையே கேட்கட்டும். அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் செல்லத்தாயி ஆரம்பித்துவிட்டாள்.

"தண்ணியக் குடிடி மேகலா. இந்தக் கடைத் தண்ணிதான் என் கல்யாணத்தையே முடிச்சுச்சு. தெரியுமா தம்பி ஒங்களுக்கு?"

நவநீதனுக்குத் தெரியாது.

"எங்கக்கா கல்யாணத்துக்குச் சேல எடுக்க எங்கப்பாவும் நானும் வந்தோம். காலையில களையெடுத்துட்டு, அதே காலோட பஸ் ஏறியாச்சு. நாலு கடையில வாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. இங்கன வந்து உக்காந்தோம். உக்காந்த ஒடனே இவுகதான் கொரல் குடுத்தாக. தண்ணி கொண்டான்னு."

அவள் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கேக்காமத் தண்ணி குடுக்குற மனுசனுக்குத்தான் எம்மகளக் குடுப்பேன்னுட்டாரு. ஆளு விட்டுத் தேடி வந்து பேசுனாரு. சாகுற வரைக்கும் ஊரெல்லாம் இதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

"நெசமாவாப்பா?" மேகலா சிரித்தாள்.

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நவநீதன் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தான். கேலி இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அவன் அவருக்காக இரக்கப்பட்டான். அதை அவரால் தாங்க முடியவில்லை.

பிரித்த சேலையை நவநீதன் மெல்ல ஓரமாகத் தள்ளினான்.

"பாண்டியம்மா." அவன் உள்பக்கம் திரும்பினான். "மூணு கலர் கொண்டா."

"அதெல்லாம் எதுக்குத் தம்பி. எங்களுக்குத் தண்ணியே போதும்" என்றாள் செல்லத்தாயி.

பாண்டியம்மா பாட்டில் எடுக்கப் போகவில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். உள் அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக நாலு சேலையை அணைத்துக்கொண்டு வந்து மெத்தையில் இறக்கினாள்.

அசல் ஜரிகை. மேகலாவுக்காக அவர் நினைத்து வைத்திருந்த அதே ரகம்.

மேகலா சேலையைத் தொடவில்லை. அலமாரியைப் பார்த்தாள். தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா, கலர்னா இந்தச் சேலையா?"

அவர் கரையை நீவுவதுபோல் குனிந்துகொண்டார்.

"அப்ப தண்ணின்னா?"

செல்லத்தாயி தம்ளரைக் கீழே வைக்காமல், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.