சீமியா, எர்மூப்போலியா?

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் அக்டோபர் வெயில் டிக்கெட் கவுண்டரின் கண்ணாடிமேல் சாய்ந்து விழுகிறது. ஸ்த்ராத்திஸ் தன் மனைவியின் முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறார். குளிர்காலத்துக்குள் அவளுக்குப் பார்வை முழுவதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குமுன் சில நாட்கள் ஏதாவது ஒரு தீவில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். "சீமித் தீவுக்கே போவோம் அசிமினா. மலை முழுக்க மஞ்சளும் நீலமுமா வீடுங்க. நீ பார்த்ததே இல்லையே," என்கிறார். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்கிறது. "எர்மூப்போலி," என்று வேறொரு தீவின் ஊரைச் சொல்கிறாள். "வருஷா வருஷம் போன ஊரு. அங்க இனிமே பார்க்க என்ன இருக்கு?" என்கிறார் அவர். "புது ஊர்ல படி எங்க, பள்ளம் எங்கன்னு தரையையே பார்த்துட்டு நடக்கணும். அங்கன்னா என் காலுக்கே வழி தெரியும். நான் உன்னையே பார்த்துட்டு வரலாம்." கையை உயர்த்தி அவர் கன்னத்தைத் தடவுகிறாள். "இந்தத் தாடியை மட்டும் மழிச்சுடு." கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் பெண், "எங்க போகணும்?" என்று மறுபடியும் கேட்கிறாள். ஸ்த்ராத்திஸ் தன் தாடியைத் தடவிப் பார்க்கிறார். அசிமினாதான் குனிந்து, "எர்மூப்போலி," என்கிறாள்.