அம்பாசடர் கிளம்பவில்லை

"சாமி, எம் பொஞ்சாதி செல்லிக்கு வலி கண்டுடுச்சு. கொழந்தை குறுக்கால நிக்குதாம். ஓசூர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம். காரைக் குடுத்து ஒதவணும் சாமி!"

கம்பெனி யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கதறினான் கரியப்பன்.

எல்லப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்குப் போய்க் கெஞ்சுவாங்களா? ஓடு, அவளைத் தூக்கிட்டு வா!"

சொன்னதோடு நிற்கவில்லை மனுஷன். தானே ஓடிப் போய் ஷெட்டைத் திறந்து, பானெட்டையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் டிரைவர் ஆஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

கயிற்றுக் கட்டிலோடு செல்லியைத் தூக்கி வந்தார்கள். ஆஞ்சப்பன் சாவியைத் திருகினான். கர்ர்... கர்ர்... சத்தம்தான் வந்தது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"தண்டச்சோறு! வண்டிய நல்லா வெச்சுக்கத் துப்பில்ல!" எல்லப்பன் கத்தினார்.

ஆஞ்சப்பன் இறங்கிப் பார்த்தான். பேட்டரி சரி. பெட்ரோலும் வருகிறது. அடுத்து, இன்ஜினுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டெல்கோவின் மூடியில் கை வைத்தான்.

"உயிர் போற நேரத்துல அதைக் கழட்டிப் பரப்பிக்கிட்டு உக்காராதேடா! தள்ளினாக் கிளம்பிடும். ஏறு உள்ளே!"

காலனி ஆம்பளைகள் அத்தனை பேரும் தள்ளினார்கள். செல்லியின் அம்மா மாரம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள்.

"தள்ளுங்கடா! இதோ பிடிச்சிடும்!" எல்லப்பன் கூடவே ஓடினார். பெரிய மனுஷன், வேர்க்க விறுவிறுக்க.

மெயின் ரோட்டில் தக்காளி லாரி ஒன்று வந்தது.

"சாமி, அதுல ஏத்திடட்டுமா?" என்றாள் மாரம்மா.

"புள்ளத்தாச்சிய லாரியிலயா ஏத்துவே? நான் இல்லையா? தள்ளுங்க!"

லாரி போய்விட்டது. அடுத்த வண்டி கிடைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

செல்லி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டரம்மா திட்டினாளாம்.

காரைத் திரும்ப ஷெட்டுக்குத் தள்ளி வந்தவர்களும் அதே ஆட்கள்தான். எல்லப்பன் கையோடு ஷெட்டைப் பூட்டினார்.

சாயங்காலம், குழந்தையைப் புதைத்த கையோடு கரியப்பன் வந்தான். எல்லப்பன் காலில் விழுந்தான்.

"எங்களுக்காக ரோட்டுல ஓடினீங்களே சாமி, அதை மறப்பமா? பிரசிடெண்டு எலெக்ஷன்ல எங்க காலனி ஓட்டு பூரா ஒங்களுக்குத்தான்."

எழுந்தவன் ஆஞ்சப்பனைப் பார்த்தான். "நீயெல்லாம் ஒரு டிரைவரு! ஒன்னாலதான்டா எம் புள்ள போச்சு!" காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஆஞ்சப்பன் அழுதுவிட்டான். "என்ன கோளாறுன்னே தெரியலீங்களே ஐயா..."

எல்லப்பன் கேட் வரைக்கும் எட்டிப் பார்த்தார். கரியப்பன் தெரு திரும்பிவிட்டான். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஒரு சின்னச் சாமானை எடுத்து ஆஞ்சப்பன் கையில் வைத்தார். டெல்கோவுக்குள் இருக்க வேண்டிய ரோட்டார். அது இல்லாவிட்டால் ஊரே கூடித் தள்ளினாலும் கார் கிளம்பாது.

"மாட்டிடு. நேத்துதான் சீட் கவர் புதுசாப் போட்டேன், அதுல ரத்தத்தையும் தீட்டையும் கொட்டவா? முடியாதுன்னு சொல்லியிருந்தா ஓட்டு போயிருக்கும்டா!"