முந்திரிக்கொட்டை

"இன்னிக்கு ஒரு நாளாவது என்னை முதல்ல ஓட்ட விடேன்! முதல்ல ஓட்டினா மெடலா குத்தப் போறாங்க?"

"முடியாது. நான் ஓட்டிட்டு வர்றேன், நீ அப்புறமா ஓட்டு."

"பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிற மாதிரி... வெக்கமா இல்ல?"

சர்வர் அறைக் கதவு மூடித்தான் இருந்தது. ஆனாலும் வெளியே அத்தனை பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பத்து நாளாக அந்த மாடிக்கு இதுதான் பொழுதுபோக்கு. தினமும் முந்திக்கொள்ளும் அவனுக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

உள்ளே இரண்டு சர்வர்கள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். எது யாருடையது என்று கேட்டு இன்னொரு சண்டையை மூட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே டிஸ்க் பெட்டியிலிருந்து ஒரே டேட்டாபேஸைப் படிக்கும். தினமும் காலையில் எல்லாவற்றையும் புதிதாக இயக்கி, ஒரே கேள்வியை ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு, பதில் வர எத்தனை விநாடி என்று குறிக்க வேண்டும். இதற்குத்தான் 'ஓட்டுவது' என்று பெயர்.

கம்பெனிக்கு ஒன்று போதும்; மாதக் கடைசியில் தோற்ற சர்வருக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்பவருக்கு, எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றல். பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட அவள் வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஆறு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் முண்டியடிக்கிறானே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமை. இந்தப் போட்டிக்கு முன்பே இவர்கள் இருவரின் கல்யாணத்துக்கு மாடி முழுக்கத் தேதி குறித்து வைத்திருந்தது வேறு கதை.

அவன் ஓட்டினான். டிஸ்க் பெட்டியின் விளக்கு படபடவென்று சிமிட்டித் தள்ளியது. ஐம்பத்திரண்டு விநாடி.

அவள் ஓட்டினாள். விளக்கு சோம்பேறித்தனமாக இரண்டு தரம் கண்ணைத் திறந்து மூடியது. நாற்பத்தொன்று.

"முந்திக்கிட்டு ஓடி என்னத்தைக் கிழிச்சே?" என்றாள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மாதக் கடைசியில் ஊரைவிட்டும் போனான். பஸ் ஏற்றிவிட மாடியே போயிற்று. அவள் மட்டும் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து அவனுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் அந்தக் கிளையிலேயே வேலை பார்ப்பவளாம். இவள் உறையைப் பிரிக்காமல் மேசையில் போட்டாள். ஆண்டறிக்கைக்குப் புதுக் கணக்கு கேட்டிருந்தார்கள்; அவன் கல்யாணத்தன்று காலையில் வந்ததும், வழக்கம்போல் எல்லாவற்றையும் புதிதாக இயக்கி, தன் சர்வரைத் தனியாக ஓட்டினாள்.

விளக்கு படபடவென்று சிமிட்டித் தள்ளியது. ஐம்பத்தெட்டு விநாடி. அன்று அவனுக்கு ஆனதைவிட ஆறு விநாடி கூட.

டிஸ்க் பெட்டியை அப்படியே விட்டாள். சர்வரை மட்டும் அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டினாள். விளக்கு இரண்டே தரம் சிமிட்டியது. நாற்பத்தொன்று.

முதலில் ஓட்டுபவர் பாடுபட்டுத் தேடி எடுப்பதையெல்லாம் அந்தப் பெட்டி ஞாபகம் வைத்திருந்து, அடுத்து வருபவர் கையில் சும்மா எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

அவனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் கல்யாண வீட்டு இரைச்சல்.

"ஏண்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

இரைச்சலை விட்டு அவன் தள்ளி வரும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருந்தா, நீ முதல்ல ஓட்டியிருப்பே."