ஒரு மாதமாக அதே கோடு

மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில் தண்ணீர் மட்டம் குறைந்தால் தானே நல்ல தண்ணீர் ஊற்றும் கருவியை அவரே செய்து மாட்டி, அன்றோடு ஒரு மாதம்.

"கண்ணாடியில நான் போட்ட கோட்டைப் பாருங்க. தண்ணி மயிரிழைகூட இறங்கல," என்றார் வண்ணமீன் கடைக்காரரிடம்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "ஆவியாகிட்டேதானே இருக்கும்?"

"ஆகும். உப்பு தங்கிடும், தண்ணிதான் போகும். போன அளவுக்கு இதுவே கேன்லேருந்து எடுத்து ஊத்திக்கும். நான் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல."

"அப்ப எனக்குப் பத்து செஞ்சு குடுங்க. பத்து வீட்டுல நச்சரிக்கிறாங்க."

அவரை வழியனுப்பிவிட்டு மெக்கானிக் சமையலறைக்கு ஓடினார். "கேட்டியா? பத்து வீடு."

மனைவி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"அது மாட்டின அன்னைக்கே நின்னுபோச்சுங்க. நீங்க குதிச்ச குதியைப் பாத்து சொல்ல மனசு வரல. தினமும் நீங்க குளிக்கப் போனதும் நான்தான் கேன்லேருந்து கோடு வரைக்கும் ஊத்துறேன்."

மெக்கானிக் திரும்பித் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"நம்ம வீடு சரி. அந்தப் பத்து வீட்டுலயும் எத்தனை மணிக்குக் குளிக்கப் போவாங்கன்னு கேட்டு வச்சீங்களா?"