கம்ப்யூட்டருக்கு ஏசி

பாண்டிராஜ் இப்படி ஏமாற்றுவான் என்று மேனேஜர் அய்யாதுரை கனவிலும் நினைக்கவில்லை.

"நல்லாப் பாருங்க சார்" என்று ரோஷினி திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஏசியை அணைச்சு ஒரு மணி நேரம் ஓட்டிட்டேன். பிராசஸர் சூடு அறுபது டிகிரியைத் தாண்டலை. இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏசியே தேவையில்லை. யாரு போடச் சொன்னது?"

போடச் சொன்னவனைக் கூட்டிவந்ததே அய்யாதுரைதான்.

சிவகாசிக்குப் பக்கத்தில், திருத்தங்கலில் காலண்டர் அடிக்கிற பிரஸ் அது. ஆடி பிறந்து ஆர்டர் குவிகிற நேரம் பார்த்து, தாள் அடுக்குகிற ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு நாலு தடவை தன்னால் அணைந்துபோனது. கட்டு கட்டாகப் போகிற காலண்டருக்கு அங்கனேயே லேபிள் அடித்து ஒட்டியாக வேண்டும். அது படுத்தால் லாரியும் வாசலில் படுத்துவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பாண்டிராஜ் தங்கமான பையன், தொட்டால் சரியாகிவிடும் என்று முதலாளி நல்லசிவத்திடம் சிபாரிசு பண்ணியது அய்யாதுரைதான்.

தங்கமான பையன் வந்து பெட்டியைக் கழற்றினான். பிராசஸர் மேலே இருக்கிற குட்டி ஃபேனில் காகிதத் தூசி மெத்தை மாதிரி அப்பியிருந்தது. ஊதித் துடைத்தான். சூட்டை இறக்குகிற பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதுசாகத் தடவினான். அதோடு விட்டானா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போய், சூடு தொண்ணூத்தேழு டிகிரிக்குப் போகுது, இந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாசம்கூடத் தாங்காது, ஹாலுக்கே ஏசி போட்டால்தான் மெஷின் பிழைக்கும் என்று சொல்லிவிட்டான்.

நல்லசிவம் லேசுப்பட்ட ஆளா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு கண்ணாடிக் கூண்டு செய்துவிட்டால் என்ன என்று கேட்டார். கூண்டுக்குள் அடைத்தால் சூடு உள்ளேயே சுத்தும் என்று ஒரே போடாகப் போட்டான் பாண்டிராஜ். ஃபேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஹாலில் ஃபேன் போட்டால் ஜனவரித் தாள் பறந்து ஜூலைக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று கம்பெனி ஆரம்பித்த நாளில் இருந்தே ஃபேன் கிடையாது. ஆக, நாலே நாளில் ஏசி வந்து இறங்கியது.

அது நடந்து ஒரு மாசம் ஆகிறது. இன்றைக்கு ஆபீஸ் பிரிண்டரை சர்வீஸ் பண்ண விருதுநகரில் இருந்து வந்த ரோஷினியிடம், இதையும் ஒரு பார்வை பாரும்மா என்று அய்யாதுரை வாய் சும்மா இராமல் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

ரோஷினி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதலாளி காதுக்கு இது போனால் பாண்டிராஜுக்கு வசவு விழும், அவ்வளவுதான். சீட்டு கிழிவது அய்யாதுரைக்கு. மகள் காலேஜில் படிக்கிற நேரத்தில், பதினெட்டு வருசத்து உத்தியோகம் இந்தப் பயலால் போகவேண்டுமா?

பாண்டிராஜைப் போன் போட்டு வரவழைத்து, பேப்பர் குடோனுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"ஏலே, ஏசிக் கடைக்காரன் உனக்கு எம்புட்டுலே கொடுத்தான்?"

பாண்டிராஜ் பதறவில்லை. "ஒத்தப் பைசா வாங்கலைண்ணே. ஆனா பொய் சொன்னது நெசம். பேஸ்ட் தடவினதுமே மெஷின் சரியாயிருச்சு."

"பெறகு என்ன எளவுக்குலே ஏசி போடச் சொன்ன?"

"நான் வந்த அன்னைக்கு இங்கன ரெண்டு மயங்கிக் கெடந்துச்சு. ஒண்ணு கம்ப்யூட்டரு. இன்னொண்ணு சண்முகத்தாய் அக்கா. மொதலாளி ஓடியாந்து எதைத் தொட்டுப் பாத்தாருன்னு நீங்களும் பாத்தீகள்லண்ணே."

அய்யாதுரையும் பார்த்தார்தான். தாள் அடுக்கிக்கொண்டிருந்த சண்முகத்தாய் வெக்கை தாங்காமல் அப்படியே சரிந்துவிட்டாள். முகத்தில் தண்ணி தெளித்தபோது, கம்ப்யூட்டர் மேலே பட்டுரப் போகுது என்று சத்தம் போட்டார் முதலாளி. அந்தப் பொம்பிளையைத் தூக்கி ரெண்டடி தள்ளிப் படுக்க வைத்தது யார்? சாட்சாத் அய்யாதுரையேதான். சித்திரையிலேயே தாள் அடுக்குகிற பெண்கள் வந்து, இந்தக் கொட்டகைக்கு ஏதாவது பண்ணுங்க என்று கேட்டிருந்தார்கள். 'அவுக வெயில்லயே பெறந்து வளந்தவுக, ஒண்ணும் ஆகாது' என்று முதலாளி சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்ததும் இதே வாய்தான். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது அவருக்கு.

"மொதலாளிட்டச் சொல்லுறதுன்னா சொல்லிருங்கண்ணே" என்றான் பாண்டிராஜ். "நான் வேற கம்பெனி பாத்துக்கிடுதேன்."

அதற்குள் முதலாளி கூப்பிடுவதாக ஆள் வந்துவிட்டது.

அய்யாதுரை வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு போனார். போகிற வழியில் ஹாலை எட்டிப் பார்த்தார். ஏசிக்குப் பக்கத்து வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துப் பேசியபடி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கோடியில், குளிர்ச்சி எட்டாத இடத்தில் இருந்தவர்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லசிவம் பில்லில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "விருதுநகர்ப் பொண்ணு நம்ம கம்ப்யூட்டரைப் பாத்துச்சாமே, என்ன சொல்லுச்சு?"

பதினெட்டு வருசத்தில் முதலாளியிடம் அய்யாதுரை சொல்லப்போகிற முதல் பொய் அது.

"ஹாலுக்கு ஒரு ஏசி பத்தாதாம் மொதலாளி. கெழக்குப் பக்கமும் ஒண்ணு போடணுமாம். இல்லாட்டி சூடு திரும்ப ஏறிருமாம்."

நல்லசிவம் தலையை நிமிர்த்தினார். அவர் முகமே இளகிவிட்டது.

"போட்டுருய்யா. பாவம், வாயில்லா ஜீவன். எம்புட்டுச் சூட்டைத்தான் தாங்கும்?"