கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருப்பு

பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி போடலாமா என்ற விவாதம் தொடங்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில், கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகளின் வெளிச்சத்தில், ஏழு ஆலைகளின் முதலாளிக்குக் கன்னம் பளபளவென்று மின்னுகிறது. ஒப்பனைக்காரி பவுடர் பஞ்சை எடுக்கிறாள். "வெறும் பவுடர் போதாதும்மா. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருப்பு வை. மாடா உழைச்சு ஓடாத் தேஞ்சவன் மாதிரி தெரியணும்" என்கிறார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்க்கும் அவளுக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது. எந்தக் கருப்பு பொருந்தும் என்று வண்ணத் தட்டில் தேடுகிறாள். கிடைக்காமல், கண்ணாடியில் தன் கண்ணுக்குக் கீழே இருப்பதைப் பார்த்துப் பார்த்து அதே நிறத்தைக் குழைத்துத் தீட்டிவிடுகிறாள். "அட, அசலாட்டம் இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். சற்று நேரத்தில் சுவர்த் திரையில் அந்த முகம் வாடி வதங்கித் தெரிகிறது. "ராப்பகலா உழைக்கிறோம். எங்க தலையில இன்னும் வரியா?" சம்பளம் கைக்கு வருமுன்னே வரி பிடிக்கப்படும் ஒப்பனைக்காரி, குழாயடியில் தூரிகையைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்க்கிறாள். "அடப்பாவி, என் களைப்பைக்கூட விட்டுவைக்கலையேடா!"