தொட்டிப் பலகையில் என் பெயர்

பக்கத்தில் படுத்திருந்த அக்காவை உலுக்கி எழுப்பினேன்.

"அக்கா, பயமா இருக்கு. பிராக்டிகல்ல பொய் எழுதிட்டேன்."

"எதுலடி?"

"நம்ம தெரு குழாய்த் தண்ணில. ஃபுளோரைடு மூணு வந்துச்சு. மெஷின் 'மாணவர் பிழை'ன்னே காட்டுது. எல்லாத்தையும் கழுவி, புதுத் தண்ணி புடிச்சு, நாலு தடவ செஞ்சேன்க்கா! நாலு தடவையும் மூணுதான்."

"மிஸ்கிட்ட சொல்லலயா?"

"சொன்னேனே. 'ஒண்ணரைக்குள்ள இருந்தாதான் மெஷின் எடுத்துக்கும், அஞ்சாவது பிழைன்னா ஃபெயிலு'ன்னாங்க. ஒண்ணுன்னு போட்டேன். உடனே பச்சை லைட்டு எரியுது!"

"மார்க் வந்துச்சுல்ல, விடு."

"எப்படி விடுறது? ஃபுளோரைடு கூடுனா பல்லுல கறை புடிக்கும், எலும்பு கெடும்னு பாடத்துலயே இருக்கு. தண்ணிய இப்ப வேற யாருமே டெஸ்ட் பண்றதில்ல. நாங்க போடுறதுதான் தெருத் தண்ணித் தொட்டிப் பலகையில வருது. சாயந்திரம் பாத்தேன். 'குடிக்க உகந்தது. சோதித்தவர்: சு. தேன்மலர், பிளஸ் ஒன்.'"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி அதுல என் பேரு இருந்துச்சு."

"உனக்கு எவ்ளோ வந்துச்சு?"

"ரெண்டே முக்கால்."

அக்காவுக்கு அந்தப் பக்கம் தம்பி முகிலன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று இன்று காலைகூட அம்மா அவனை அடித்திருந்தாள்.